உன் மட்டைப் பையை அனுப்பிவிட்டேன்

எய்யா முத்து,

முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். என் பேத்தி யாழினியின் நான்கு கோடு நோட்டில் எழுதுகிறேன். நான்கு கோடு இருந்தும் என் எழுத்துகள் முதல் நாள் ஐஸில் இறங்கியவர்களைப் போலத்தான் இருக்கின்றன. ஒன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஒன்று மல்லாந்து கிடக்கிறது, ஒன்று அடுத்த வரிக்காரன்மேல் போய் மோதுகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. 'ற' வரவேண்டிய இடத்தில் 'ர' வந்திருந்தால் நீயே மாற்றிப் படித்துக்கொள். சுதா, "மாமா, நான் ஒரு தடவை பாத்து கரெக்ட் பண்ணித் தரேனே" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எழுபத்து மூன்று வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. இதில் உள்ள தப்பும் என்னுடையதாகவே இருக்கட்டும்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ டெக்சாஸ் வேலைக்காக ரவுண்ட் ராக்குக்குப் புறப்பட்ட அன்று கராஜில் அந்தக் கறுப்புப் பையைக் காலால் தள்ளி, "யப்பா, இதை யாருக்காவது குடுத்துருங்க. இல்லைன்னா குப்பையில போட்டுருங்க. ஜூன்ல ஸ்கூல் முடிஞ்சு நீங்கள்லாம் வரும்போது இது வேண்டாம்" என்று சொன்னாய். நான் தலையாட்டினேன். என் தலையாட்டலை நம்பியது உன் தப்பு. பை நேற்று பார்சலில் புறப்பட்டுவிட்டது. வியாழக்கிழமை உன் அபார்ட்மெண்ட் வாசலில் இருக்கும். முழங்கால் தகடுகள், தோள் கவசம், கம்பி வைத்த ஹெல்மெட், கையுறை, ஸ்கேட்ஸ் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, பின்கட்டில் வெயிலில் வைத்துக் காயவைத்தேன். நாற்றம் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் உன்னுடையது, அதை ஒன்றும் செய்ய முடியாது. மட்டை பைக்குள் அடங்கவில்லை. அதைத் தனியாக அட்டையில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். நீ திருப்பி அனுப்பினால் நான் மறுபடி அனுப்புவேன். பார்சல் கவுண்டர் பெண்ணுக்கு இப்போது என்னை நன்றாகத் தெரியும்.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். கோபப்படு. ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு. பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் இதில் எழுதப்போகிறேன்.

ஹாக்கி நம் வீட்டுக்குப் புதிது இல்லை. கோவில்பட்டியில் பிறந்த நாய்க்குட்டிக்கும் ஹாக்கி தெரியும். அங்கே பெரிய மைதானத்தில் இருபத்தாறு வருடம் கோடு போட்டவன் நான். விடிவதற்குள் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புப் பொடி போட்டு, கோலுக்கு முன்னால் கயிறும் முளையும் வைத்து அரைவட்டம் வரைவேன். என் அரைவட்டத்தில் விரற்கடை கோணல் இருந்ததாக எந்த நடுவரும் சொன்னதில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராகக் கட்டைவிரல் ரேகைதான் இருக்கும், எழுத்து இருக்காது. ஊரே பார்க்கக் கோடு போட்டவனுக்கு ஒரு எழுத்துப் போடத் தெரியவில்லை. அறிவொளி வகுப்பு நடத்தத் தெருவுக்கு ஆள் வந்தபோது நான் உருளைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். வெட்கம். எங்கே எல்லார் முன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற வெட்கம். அந்த வெட்கத்துக்கு முப்பது வருடத்துக்கு மேல் தீனி போட்டு வளர்த்தேன். நீ இப்போது வளர்க்கத் தொடங்கியிருப்பதும் அதே குட்டிதான். முகம் பார்த்தால் எனக்குத் தெரியும்.

நீ முதன்முதலில் என்னை ஐஸ் மைதானத்துக்குக் கூட்டிப்போன ஞாயிறு நினைவிருக்கிறதா? "அப்பாவை வாக்கிங் கூட்டிட்டுப் போறேன்" என்று சுதாவிடம் சொல்லிவிட்டு, ஜனவரிக் குளிரில், ஏழு மணிக்கு என்னைக் காரில் ஏற்றினாய். அவள் நம்பினாள் என்று நீ நினைத்தாய். பிறகு அவள் என்னிடம் சொன்னாள், "மாமா, காரே அந்த பேக் ஸ்மெல் அடிக்குது. எனக்குத் தெரியாதா? அவரே சொல்லட்டும்னு விட்டேன்." வழியில், இந்த வயதில் இது எப்படி வந்தது என்று உன்னிடம் கேட்டேன். "ஆபீஸ்ல ஒருத்தன் கூட்டிட்டு வந்தான்பா. கையில மட்டையைக் குடுத்தான். முப்பது வருஷத்துக்கு அப்புறம் பிடிச்சேன். கீழ வைக்க மனசு வரலை" என்றாய். நான் கார் கண்ணாடி வழியாக வெளியே பார்க்கத் தொடங்கினேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அங்கே என்னை முதலில் பிடித்தது அந்தக் கோடுகள்தான். சிவப்பும் நீலமுமாக. கோட்டைத் தீட்டிவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றி உறையவைத்துவிடுகிறார்கள். மேலே எத்தனை பேர் சறுக்கினாலும் கோடு அடியில் பத்திரமாக இருக்கிறது. "அடப்பாவிகளா, இது தெரியாம தெனமும் சுண்ணாம்பு அள்ளினேனே!" என்றேன். நீ சிரித்துக்கொண்டே ஸ்கேட்ஸ் நாடாவை இறுக்கினாய். ஐஸை மழித்துத் தண்ணீர் விடும் வண்டியை என் வயதுக்காரர் ஒருவர் ஓட்டினார். நான் கையைத் தூக்கினேன், அவரும் தூக்கினார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அதற்கு மேல் அவசியமும் இல்லை.

பிறகு கோச்சம்மா வந்தார். அறுபது வயது இருக்கும், நரைத்த குதிரைவால், கழுத்தில் விசில். உங்கள் வகுப்பில் பதினான்கு பேர், எல்லாரும் வளர்ந்தவர்கள், எல்லாரும் புதியவர்கள். முதல் இரண்டு வாரம் அந்த அம்மாள் உங்களுக்கு விழுவதையும் எழுவதையும் தவிர வேறு எதுவும் சொல்லித்தரவில்லை. விசில் ஊதினால் எல்லாரும் விழ வேண்டும். ஒரு முட்டியை ஊன்றி, மட்டையைத் தரையில் வைத்து, எழ வேண்டும். எழுந்ததும் "அகெய்ன்!" என்று கத்துவார். மறுபடி விழ வேண்டும். மைதானத்தில் அத்தனை வருடம் இருந்தவன் நான், விழுவதற்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டரை அங்கே பார்த்ததில்லை. நம் ஊரில் விழுந்தால் திட்டுதான். உன்னைப் பார்த்து மட்டும் அவர் அடிக்கடி, "மூட்டூ! நீஸ், மூட்டூ, நீஸ்!" என்று கத்தினார்.

"ஏல, இந்தம்மாவுக்குத் தமிழ் தெரியுமா? மூட்டை மடக்குன்னுல்லா சொல்லுது" என்று இடைவேளையில் கேட்டேன்.

"யப்பா, அது என் பேருப்பா. முத்துன்னு சொல்ல வரலை. நீஸ்னா தான் மூட்டு."

"அப்ப ரெண்டு பாஷையிலயும் ஒண்ணுதான் சொல்லுது. மடக்குல!"

அன்று நீ சிரித்ததுபோல் இந்த நாட்டில் நீ சிரித்து நான் பார்த்ததில்லை.

நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ கோச்சம்மா எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார். அடுத்த வாரப் பயிற்சி அதில் படமாக இருந்தது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் அதை வைத்துக்கொண்டு நீ தலையைச் சொறிந்தாய். நான் பக்கத்தில் வந்து பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. நேர்கோடு என்றால் வெறுமனே சறுக்கிப் போவது. அலைபோல் நெளியும் கோடு என்றால் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக இருக்கும் அந்த ரப்பர் வில்லையை, மட்டையால் தள்ளிக்கொண்டு போவது. விட்டுவிட்டு வரும் கோடு இன்னொருவனுக்குத் தட்டிக்கொடுப்பது. இரட்டைக் கோடு கோலை நோக்கி அடிப்பது. கோட்டின் முனையில் குறுக்கே இரண்டு சின்னக் கீற்று இருந்தால் அங்கே நிற்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஐந்து வாரம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்ததுதான். நான் விரலை வைத்து, "இங்க ஆரம்பிக்க, இங்க வளையுத, இங்க அவனுக்குக் குடுக்க, இங்க நிக்க, திரும்புத" என்று சொல்லிக்கொண்டே போனேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "யப்பா! உங்களுக்குப் படிக்கத் தெரியுதேப்பா!" என்றாய்.

நீ விளையாட்டாகச் சொன்னாய். எனக்கு உள்ளே எங்கேயோ ஒரு ஆணி கழன்றது. ஒரு தாளைப் பார்த்து அதில் இருப்பதை வாயால் சொன்னேன். அதற்குப் பெயர் படிப்பு என்றால், மற்றதையும் ஏன் படிக்க முடியாது?

அந்தச் சனிக்கிழமையே நம் எடிசன் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் சுதா பாடம் எடுக்கும் முதல் நிலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். "மாமா, வீட்லயே சொல்லித்தரேனே, எதுக்கு இந்த சின்னப் பசங்களோட?" என்றாள். "நீ எத்தனை பேருக்கு வீட்ல சொல்லித்தார? எனக்கு மட்டும் எதுக்குத் தனியா?" என்று கேட்டேன். உண்மையில், எல்லார் முன்னாலும் தப்பாகச் சொல்ல வேண்டும் என்றே போனேன். உருளைக்குப் பின்னால் ஒளிந்தவனை வெளியே இழுத்துவர வேறு வழி தெரியவில்லை. சுதா பலகையில் எழுதிய முதல் எழுத்துகள் ட, ப. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ட என்பது தரையில் வைத்த மட்டை. ப என்பது கோச்சம்மா தாளில் வரையும் கோல். இரண்டும் எனக்கு முன்பே பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பெண் என் நோட்டை எட்டிப்பார்த்து, "தாத்தா, யூ ஃபர்காட் த புள்ளி" என்றாள். "எங்க தாயி?" "ம் மேல. எவ்ரி டைம் யூ ஃபர்கெட்." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். புள்ளியை வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை, முத்து. வானம் இடிந்து விழவில்லை. எதற்குப் பயந்து என் வாழ்நாளையெல்லாம் கழித்தேனோ அது வந்தது, அரை நிமிடம் இருந்தது, போய்விட்டது.

இனி, நீ விழுந்த அந்த ஞாயிறு. கோட்டுக்குக் கோடு ஓடும் பயிற்சி. கோல் கோட்டில் தொடங்கி முதல் நீலக்கோடு வரை போய், நின்று, திரும்பி வர வேண்டும். பிறகு நடுச் சிவப்புக்கோடு வரை. பிறகு அடுத்த நீலக்கோடு. பிறகு மறுமுனை. ஒவ்வொரு கோட்டிலும் காலைப் பக்கவாட்டில் திருப்பி, ஐஸ் தூளாகப் பறக்க நிற்க வேண்டும். தன் மகளைச் சறுக்கு வகுப்பில் விட வந்த சீனிவாசன் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனை நீட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். வீட்டுக்குக் காட்ட எடுக்கிறான் என்று நினைத்தேன். நடுக்கோட்டில் நீ நிற்கப்போய், கால் வழுக்கி, இடுப்பு தரையில் பட விழுந்து, சுழன்றுகொண்டே போய்ச் சுவரில் முட்டினாய். மதியத்துக்குள் அது நம் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. "கோவில்பட்டி எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது" என்று தலைப்பு வேறு. அடுத்த வாரம் பிறந்தநாள் விருந்தில் அவன், "என்ன முத்து, கப் எப்ப வீட்டுக்கு வருது?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விடச் சத்தமாக நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். படிக்கத் தெரியாதவன், "கண்ணாடியை மறந்துட்டேன், நீங்களே படிங்க" என்று சொல்லும்போது சிரிக்கும் சிரிப்பு அது.

நான் அவனிடம், "தம்பி, நீ விழவே மாட்ட. உக்காந்தே இருக்கவன் எப்படி விழுவான்?" என்றேன். திரும்பி வரும்போது காரில் நீ என்மேல் எரிந்து விழுந்தாய். "எதுக்குப்பா அவன்கிட்ட அப்படிப் பேசுனீங்க? அவன் சொன்னதுல என்ன தப்பு? நாப்பத்தஞ்சு வயசு எனக்கு. இங்க மூணு வயசுலயே ஐஸ்ல எறங்குறான். நாம என்ன இங்க பொறந்தவங்களா?" அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். நான் தமிழ் பேசும் ஊரில்தான் பிறந்தேன். ஆனாலும் 'ட' எழுத எழுபத்து மூன்று வயது ஆனது. பிறந்த இடத்தைச் சொல்லித் தப்பிக்காதே.

அதற்கடுத்த ஞாயிறு பனி என்றாய். அதற்கடுத்தது முட்டி வலி என்றாய். பிறகு டெக்சாஸ் வேலை வந்தது. "அங்க ஒரே வெயில்பா, ஐஸ் எங்க இருக்கு?" என்று நிம்மதியாகச் சொன்னாய். யாழினியிடம் தேடச் சொன்னேன். "தாத்தா, தேர் இஸ் எ ரிங்க்! அப்பா அபார்ட்மெண்ட்ல இருந்து ட்வென்டி மினிட்ஸ்தான்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வளர்ந்தவர்களுக்கு வகுப்பும் இருக்கிறதாம். வெயில் பொய் சொல்லவில்லை. நீதான் சொன்னாய்.

இப்போது நான் பயந்துகொண்டே எழுதும் பக்கம் வருகிறது. பொய் சொல்வதில் நானும் உனக்குக் குறைந்தவன் இல்லை.

நீ ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடை. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குப் போய்விட்டு வந்தாய். பி.டி. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "ஒம்ம பையன் கண்டிப்பா போயிருவான்வே, பெட்டியைக் கட்டி வையும்" என்றார். அந்த மே மாதம் முழுவதும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நீ செருப்புப் போடாமல் ஓடுவாய். ஒரு நாள் நீ உன் அம்மாவோடு கல்யாணத்துக்குப் போயிருந்தாய். தபால்காரர் மைதானத்துக்கே வந்து பழுப்பு உறையை என் கையில் கொடுத்தார். என் கையெல்லாம் சுண்ணாம்பு. "படிச்சுச் சொல்லட்டா?" என்று கேட்டார். "எங்க வீட்ல படிக்க ஆளு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். உறையைப் பிரித்தேன். எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே. நீ போகப்போகிறாய். என் கோட்டுக்குள் ஆடிய பிள்ளைகளை நினைத்துப் பார்த்தேன். ஒன்றிரண்டு பேருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் முட்டி போய்த் தீப்பெட்டி லாரிகளில் சுமை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீ படிக்கிற பிள்ளை. தாளை மடித்து வைத்துவிட்டேன். நீ கேட்டபோது, "ஒண்ணும் வரலைய்யா" என்றேன். உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். ஜூன் மாதம் நீ மட்டையைப் பரணில் போட்டாய். பிறகு எடுக்கவே இல்லை.

அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. படிக்கத் தெரியாதவன் எந்தக் காகிதத்தையும் கிழிக்கமாட்டான். எது எதற்கு உதவும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ரேஷன் கார்டு, உன் அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு, என் பாஸ்போர்ட் எல்லாவற்றோடும் அதே பிளாஸ்டிக் கவரில் அது அமெரிக்காவுக்கும் வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக, நீ ஒவ்வொரு படி ஏறும்போதும், ஊரார் என்னைப் பாராட்டும்போதும், அந்தக் கவர் எனக்குள் கிடந்து உறுத்தியது. காரில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதனால்தான்.

நீ புறப்பட்ட மறுநாள் கராஜில் உன் பையைப் பார்த்தேன். உள்ளே வந்து கவரை எடுத்தேன். இனி எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். செய்ததை என் கண்ணாலேயே படித்துவிட்டு உன்னிடம் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன். முதல் நாள் உன் பெயர் வரை வந்தேன். இரண்டாம் நாள் 'தெரிவு செய்யப்பட' வரை வந்தேன். ப, ட. கோலும் மட்டையும். அதற்கு மேல் படிக்கப் பிடிக்கவில்லை. தெரிந்ததுதானே என்று மூடிவைத்தேன். மூன்றாம் நாள் காலை, தேநீர் குடித்துவிட்டு, தொடங்கியதை முடிக்கலாம் என்று அந்தச் சொல்லின் மிச்சத்தைக் கூட்டினேன். வி. ல். லை. தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி. வில்லை. மற்றதையெல்லாம் கையால் மறைத்துக்கொண்டு யாழினியைக் கூப்பிட்டு, "இதை மட்டும் படி கண்ணு" என்றேன். "வில்லை. தாத்தா, தட் மீன்ஸ் நாட்."

உன்னை அவர்கள் எடுக்கவில்லை, முத்து. தெரிவு செய்யப்படவில்லை. தமிழில் இல்லை என்பது சொல்லின் வாலில்தான் வருகிறது. நான் தலையைப் பார்த்துவிட்டு முப்பது வருடம் தூக்கம் கெட்டேன். திருடாத பொருளுக்குத் திருடனாக இருந்திருக்கிறேன். நான் சிரித்த சிரிப்பில் சுதா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். "என்ன மாமா? என்ன ஆச்சு?" "ஒண்ணுமில்லைம்மா. இல்லைன்னு ஒரு நல்ல சேதி வந்திருக்கு" என்றேன்.

ஆனால் தாள் அங்கே முடியவில்லை. அச்சடித்த வரிக்குக் கீழே பேனாவால் யாரோ எழுதியிருந்தார்கள். கையெழுத்தைப் படிப்பது அச்சைப் படிப்பதுபோல் இல்லை. இரண்டு நாள் பிடித்தது. இதுதான் அது: "ஓட்டம் நன்று. நின்று திரும்புவதில் பயிற்சி தேவை. அடுத்த ஆண்டு மீண்டும் வரவும்."

எழுத்துக்கூட்டி முடித்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. நான் திருடியது விடுதியை இல்லை. இந்தக் கடைசி நான்கு சொற்களை. அத்தனை பிள்ளைகளுக்கு அச்சடித்த தாளை அனுப்பியவர், உனக்காகப் பேனாவைத் திறந்திருக்கிறார். அதை நீ படித்திருந்தால் அடுத்த நாளே மைதானத்தில் நின்று திரும்பிக்கொண்டிருந்திருப்பாய். நான் அதை உனக்குக் கொடுக்கவில்லை. 'ஒண்ணும் வரலை' என்பதற்கும் 'மீண்டும் வரவும்' என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் நான் செய்த தப்பு. அதனால்தானே படித்தான், அமெரிக்கா வந்தான் என்று யாராவது சொல்வார்கள். நீயும் சொல்வாய், நல்ல பிள்ளை நீ. சொல்லாதே. எனக்கு ஆறுதல் வேண்டாம். தப்பு தப்பாகவே இருக்கட்டும். நான் அதைத் திருத்தப் போகிறேன்.

இன்னொன்றையும் பார். ஐஸில் நீ விழுந்தது எந்த இடத்தில்? நின்று திரும்பும் இடத்தில். கோச்சம்மா கத்தியதை, முகம் தெரியாத ஒரு மனிதர் கோவில்பட்டிப் பையனுக்கு அப்போதே எழுதிவைத்திருக்கிறார். மண்ணிலும் அதே குறை, ஐஸிலும் அதே குறை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தவன் சொல்கிறேன், நீ இடது தோளைக் காட்டி நிற்கும்போது நன்றாக நிற்கிறாய். வலது தோளைக் காட்டி நிற்கும்போது பயந்துபோய் மூட்டை நீட்டிவிடுகிறாய். எல்லாருக்கும் ஒரு பக்கம் அப்படித்தான் இருக்கும். எனக்கு அது 'ஞ' எழுதுவது. இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு பயிற்சி வரைந்திருக்கிறேன். இரண்டு புள்ளி, நடுவில் நேர்கோடு, இரண்டு முனையிலும் குறுக்கே சின்னக் கீற்று. போகும்போதும் வரும்போதும் ஒரே சுவரைப் பார்த்து நின்றால் ஒரு முனையில் வலது தோள் முன்னால் வந்தே ஆக வேண்டும். தப்பிக்க முடியாது. கோடு மட்டும் ரொம்ப நேராக இருக்கிறதே என்று பார்க்காதே. அது என் பழைய தொழில்.

அந்த வீடியோவையும் யாழினியைப் போடச் சொல்லி மறுபடி பார்த்தேன். நீ சுவரில் முட்டியதும் அது முடிந்துவிடுகிறது. குழுவில் பார்த்த யாருக்கும் மிச்சம் தெரியாது. எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன். ஹெல்மெட்டைச் சரிசெய்தாய். ஒரு முட்டியை ஊன்றி, மட்டையைத் தரையில் வைத்து, அந்த அம்மாள் சொல்லித்தந்தபடியே எழுந்தாய். நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்து தொட்டாய். பிறகு இரண்டாம் நீலக்கோடு. பிறகு மறுமுனை. பதின்மூன்று பேரும் முடித்துவிட்டு மட்டையால் ஐஸைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். கேலிக்கு இல்லை, அங்கே அது கைதட்டல். நீ கடைசியாக வந்து சேர்ந்தாய். கோச்சம்மா என்ன சொன்னார்? "குட், மூட்டூ. அகெய்ன்." சீனிவாசன் தலையை மட்டும் படித்தவன். நானும் அப்படி ஒருவனாக இருந்தவன்தான், அதனால் அவனை மன்னித்துவிட்டேன். ஆனால் நீ முழுதும் அங்கே இருந்தவன், எய்யா. நீயும் பாதியில் நிறுத்திப் படித்தால் எப்படி?

பை விஷயத்தில் சுதா முதலில் என் பக்கம் இல்லை. "மாமா, அவரே வேண்டாம்னுட்டாரு. முட்டி போச்சுன்னா யாரு பாக்கறது?" என்றாள். தாளைக் காட்டினேன். படித்தாள். கார் சாவியை எடுத்தாள். ஆங்கில விலாசம் அவள் எழுதியது. பைப் பிடியில் கட்டியிருக்கும் அட்டையில் உன் பெயரை நான் எழுதியிருக்கிறேன். கவுண்டர் பெண் அதைப் பார்த்து, இது என்ன படம் என்று கேட்டாளாம். படம் இல்லை, என் மகன் என்று சொல்லச் சொன்னேன். த் மேல் புள்ளியை மறக்கவில்லை. நீ சரிபார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பழுப்புத் தாள் வலது கையுறைக்குள் இருக்கிறது. அது உன் பெயருக்கு வந்தது. கொஞ்சம் தாமதமாகிவிட்டது. என்மேல் எவ்வளவு கோபப்பட வேண்டுமோ அவ்வளவும் படு, போனில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் திட்டிவிட்டு, அதில் எழுதியிருக்கிறபடி செய்.

இந்த ஞாயிறு காலையில் உனக்கு வகுப்பு. யாழினி உன் பெயரைப் பதிந்துவிட்டாள், என்னைக் கேட்டுத்தான். அதே நேரத்தில் நான் இங்கே சாப்பாட்டு மேசையில் நான்கு கோடு நோட்டைத் திறந்து, உனக்கு எழுதப்போகும் அடுத்த கடிதத்தின் முதல் வரியில் இறங்கியிருப்பேன். நீ அங்கே விழு, நான் இங்கே விழுகிறேன். யார் எத்தனை தடவை எழுந்தோம் என்று இருவரும் எழுதி ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வோம்.

அப்பா